பதினான்காம் எண்ணில் ஒருவர்

இதை நான் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர் வைரஸாக இருக்கும் என்கிறார். இன்னொருவர், யாரோ ஹேக் செய்திருப்பான் என்கிறார். பன்னிரண்டு வருடமாக எனக்குச் சோறு போடுவது இந்த வேலைதான். வைரஸ் எப்படி நடந்துகொள்ளும், திருட்டுத்தனமாக நுழைகிறவன் எந்த வழியில் வருவான் என்று எனக்குத் தெரியும். இது இரண்டும் இல்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நடந்ததை நடந்தபடியே சொல்வேன். இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று என் வீட்டு வாசலுக்கே வந்து சொன்னவர்களிடமும் இதைத்தான் சொன்னேன்.

என் பெயர் மேகலா. தஞ்சாவூரில் இருக்கிறேன். கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எங்கே கூப்பிட்டாலும் போய் நெட்வொர்க் போட்டுக் கொடுப்பேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மாதம். குறுவை நெல் வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். திருக்காட்டுப்பள்ளி தாண்டி குடமுருட்டிக் கரையோரம் ஒரு ரைஸ் மில்லிலிருந்து அழைப்பு வந்தது. முதலாளி பெயர் அமிர்தலிங்கம். பாதி நாள் சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருப்பவர். அங்கிருந்தபடியே மில்லின் கேமராவைப் பார்க்க வேண்டும், போனிலேயே மெஷினை ஓட்டவும் நிறுத்தவும் வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு விபிஎன் போடச் சொன்னார். அதாவது, வெளியூரில் இருப்பவர் இன்டர்நெட் வழியாகப் பத்திரமாக மில்லின் நெட்வொர்க்குக்குள் வந்து போக ஒரு தனி வாசல்.

அந்த வாசலில் நுழைகிற ஒவ்வொருவருக்கும் ரவுட்டர் ஓர் ஐபி முகவரி கொடுக்கும். கோயிலில் செருப்பு விட்டால் டோக்கன் கொடுப்பார்களே, அதே மாதிரி. ஒரு நேரத்தில் ஒரு எண் ஒருவரிடம்தான் இருக்கும். அவர் வெளியே போன பிறகுதான் அது அடுத்தவருக்குப் போகும். நான் பதினொன்றிலிருந்து இருபது வரை ஒதுக்கினேன். பதினொன்று முதலாளிக்கு. பன்னிரண்டு சூப்பர்வைசர் வெற்றிசெல்வனுக்கு. பதின்மூன்று மெஷின் கம்பெனிக்காரர்களுக்கு. பதினான்கிலிருந்து யாருக்கும் இல்லை. வருகிறவருக்கு வரிசையாகப் போகும்.

அன்று மில் ஓடவில்லை. நெல் அவிக்கும் தொட்டிகளுக்குப் பின்னால் எலிவேட்டர் குழி இருந்தது. குழிக்குள்ளிருந்து ஒரு பெல்ட் மேலே போகும். அதில் வரிசையாகத் தகர வாளிகள். நெல்லை அள்ளி அள்ளி மாடிக்குக் கொண்டுபோய்க் கொட்டும். அந்தக் குழியில் அவித்த ஈர நெல் அடைத்துக்கொண்டதால் மெஷினை நிறுத்தியிருந்தார்கள். கண்ணாத்தாள் என்கிற அம்மா கூடையோடு குழிக்குள் இறங்கி அள்ளிக்கொண்டிருந்ததை நான் மத்தியானமே பார்த்தேன். குழியில் ஆள் இருக்கிறது, நான் சொல்லும் வரை எதையும் ஓட்டிப் பார்க்க வேண்டாம் என்று வெற்றிசெல்வனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

பொழுது சாய்ந்தது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கொட்டகையின் ஒரு கோடியில் இருந்த ஆபீஸ் அறையில் நான் மட்டும் இருந்தேன். வெற்றிசெல்வனும் வாட்ச்மேன் பக்கிரியும் ரோட்டுக் கடைக்கு டீ குடிக்கப் போயிருந்தார்கள். கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் தொட்டிகள் தெரியும். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் குழி தெரியாது.

வேலை முடிந்த மாதிரிதான். என் போனில் வைஃபையை அணைத்துவிட்டு, வெளியாள் போல மொபைல் டேட்டாவில் உள்ளே நுழைந்து பார்த்தேன். நுழைந்தது. எனக்குப் பதினான்காம் எண் வந்திருக்க வேண்டும்.

பதினைந்து வந்தது.

வெற்றிசெல்வன் டீக்கடையிலிருந்து நுழைந்து பார்க்கிறாரோ என்று நினைத்தேன். அவர் நுழைந்தால் பன்னிரண்டுதான் வரும். லேப்டாப்பில் ரவுட்டரின் திரையைத் திறந்தேன். உள்ளே இருந்தது இரண்டு பேர். பதினைந்தில் நான். பதினான்கில் யாரோ.

அந்த யாரோவுக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாமல், பாஸ்வேர்டு இல்லாமல் அந்த வாசலில் நுழையவே முடியாது. அப்படித்தான் நான் போட்டிருந்தேன். எந்த ஊரிலிருந்து வருகிறார் என்று காட்டும் கட்டமும் காலி. எவ்வளவு நேரமாக உள்ளே இருக்கிறார் என்று காட்டும் கட்டம் மட்டும் காலியாக இல்லை.

நான்கு வருடத்துக்கும் மேல் என்று காட்டியது.

அந்த ரவுட்டரை அன்று மத்தியானம்தான் அட்டைப்பெட்டியிலிருந்து என் கையால் பிரித்து எடுத்தேன்.

கடிகாரம் சரியாக வைக்காமல் விட்டிருப்பேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பார்த்தேன். கடிகாரம் சரியாகத்தான் இருந்தது.

பிங் கொடுத்தேன். பிங் என்றால் கதவைத் தட்டிப் பார்ப்பது. எதிரில் இருப்பவர் பதில் தட்டு தட்டுவார். பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று ஓரளவு கணக்குப் போடலாம். முதலில் என் போனுக்குக் கொடுத்தேன். போன் மேசைமேல்தான் இருந்தது. ஆனாலும் டவர் வழியாகச் சுற்றி வருவதால் நாற்பது மில்லி செகண்ட் ஆனது. பிறகு பதினான்குக்குக் கொடுத்தேன்.

ஒன்றுக்கும் கீழே.

அப்படி வர வேண்டுமென்றால் அந்த ஆள் எந்த டவருக்கும் அந்தப் பக்கம் இருக்க முடியாது. இதே அறையில், இதே ஒயரின் மறுமுனையில்தான் இருக்க வேண்டும்.

ஒயரின் மறுமுனையைப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது. சுவரில் ரவுட்டர். பச்சை விளக்கு மினுக்... மினுக்... என்று எரிந்துகொண்டிருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. நான் போட்ட நெட்வொர்க் இது. யார் உள்ளே இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்று நான்தான் சொல்வேன். அந்த வரியைத் தேர்வு செய்து வெளியேற்றினேன்.

போய்விட்டது.

வந்துவிட்டது.

மறுபடி வெளியேற்றினேன். மறுபடி வந்தது. ஒதுக்கிய எண்களிலிருந்து பதினான்கையே எடுத்துவிட்டேன். இல்லாத டோக்கனை யார் வாங்க முடியும்? ஆனாலும் அதே எண்ணில் அதே ஆள் உட்கார்ந்திருந்தார். பெயர் இல்லாமல்.

எழுந்து போய் ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். விளக்குகள் அணைந்தன. மேசைக்குத் திரும்பினேன். என் லேப்டாப்பிலிருந்து போகும் ஒரே ஒயர் அந்தச் செத்த பெட்டிக்குத்தான் போகிறது. பிங் திரை இன்னும் திறந்திருந்தது.

பதினான்கிலிருந்து பதில்.

பதினான்கிலிருந்து பதில்.

பதினான்கிலிருந்து பதில்...

வரி வரியாக மேலே ஏறிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. தகரக் கூரையில் தூறல் விழும் சத்தம். வேறு சத்தமே இல்லை. பின்னால் யாரோ நின்று திரையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று தோன்றியது. அதனாலேயே திரும்பிப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

பிளக்கைத் திரும்பச் செருகினேன். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. திரை வந்தது. பதினான்கு அங்கேதான் இருந்தது. ஆனால் இதுவரை காலியாக இருந்த பெயர்க் கட்டத்தில் இப்போது எழுத்துகள் இருந்தன. நாம் போனில் அடிப்போமே, அந்த மாதிரி ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ் வார்த்தை.

நிறுத்துங்க.

நான் எழுந்து ஓடவில்லை. வாய்விட்டே சொன்னேன். "நிறுத்த மாட்டேன். நீ யாரா இருந்தாலும் சரி. இங்க உனக்கு எடம் கெடையாது."

ஒரு தடை விதி எழுதினேன். பதினான்காம் எண்ணிலிருந்து எது வந்தாலும், எதற்குப் போனாலும், குப்பையில் போடு. சேமித்தேன்.

பதில் நின்றது.

அந்த வரி மங்கியது. மறைந்தது.

நான் ஜெயித்துவிட்டேன் என்று சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன்.

சிரிப்பு அடங்குவதற்குள் பதினொன்று பச்சையானது. முதலாளி.

டக்.

கொட்டகையில், மெஷின்களை ஓட்டும் சுவிட்ச் பேனலுக்குள் ஏதோ விழுந்த சத்தம்.

பிறகு... கட... கட... கடகடகடகட...

எலிவேட்டர்.

குழிக்குள்ளிருந்து ஒரு அலறல்.

ஓடினேன். நாற்காலி கவிழ்ந்தது. தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு பேனலுக்குப் போக வேண்டும். தரையெல்லாம் ஈரம். வழுக்கி விழுந்து எழுந்தேன். பேனல் இன்னும் தூரத்தில் இருந்தது. வாளிகள் குழிக்குள் இறங்கி இறங்கி மேலே வருவது தெரிந்தது. ஒரு வாளியில் சிவப்புச் சேலைத் தலைப்பு சுற்றியிருந்தது. அது மேலே இழுத்துக்கொண்டே போனது.

நான் போய்ச் சேர மாட்டேன். அது எனக்கே தெரிந்தது.

டக்.

நின்றது.

பேனலில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் முன்னால் யாரும் இல்லை. நான் இன்னும் அதைத் தொடவே இல்லை.

கண்ணாத்தாளை மேலே தூக்க எனக்குச் சக்தி இல்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து, வாளியில் மாட்டியிருந்த சேலையைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். தோளில் ரத்தம். ஆனால் எலும்பு எதுவும் உடையவில்லை. அதற்குள் வெற்றிசெல்வனும் பக்கிரியும் ஓடிவந்து தூக்கினார்கள். பேனலில் ஒரு சாவி இருந்தது, அது இல்லாமல் மெஷின் ஓடாது. ஒரு பக்கம் திருப்பினால் கையால் மட்டும் ஓட்டலாம். மறுபக்கம் திருப்பினால் வெளியூரிலிருந்தும் ஓட்டலாம். டீ குடிக்கப் போகும் முன் வெற்றிசெல்வன் அதை மறுபக்கம் திருப்பி வைத்திருக்கிறார். முதலாளி போனில் கேட்டாராம். பாஸ்வேர்டையும் கொடுத்திருக்கிறார். கண்ணாத்தாள் ஏறிவிட்டார் என்று நினைத்தாராம்.

நான் அறைக்குப் போய்த் திரையைப் பார்த்தேன். மெஷினை ஓட்டிய கட்டளை பதினொன்றிலிருந்து வந்திருந்தது.

நிறுத்திய கட்டளை, பதினான்கிலிருந்து.

நான் எழுதிய தடை விதி அப்படியே இருந்தது. அது எத்தனை முறை தடுத்தது என்று பக்கத்திலேயே காட்டும். பூஜ்யம் என்றிருந்தது.

முதலாளி அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டேன். சும்மா அமுக்கிப் பார்த்ததாகவும், கேமராவில் யாரும் தெரியவில்லை என்றும் சொன்னார். கண்ணாத்தாளுக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை.

"ஒண்ணும் ஆகலல்ல? விடும்மா. வேலைய முடிச்சுக் குடுத்துட்டுப் போ."

"முடிக்க மாட்டேன் சார்."

"என்னம்மா?"

"கேமரா பாக்கலாம். மெஷின ஓட்டுற வழிய எடுத்துட்டேன். திரும்பப் போட மாட்டேன்."

நீ இல்லாவிட்டால் வேறு ஆள் வருவான் என்றார். தாராளமாக வரட்டும் என்றேன். கொட்டகைக்குப் போய்ப் பேனலில் இருந்த சாவியைக் கையால் ஓட்டும் பக்கம் திருப்பி உருவினேன். வெற்றிசெல்வன் கையை நீட்டினார். நான் அவரைத் தாண்டிப் போய் அதைக் கண்ணாத்தாள் கையில் வைத்தேன். "அக்கா, இனிமே நீங்க மேல ஏறி வந்து குடுத்தாத்தான் இது ஓடணும்," என்றேன்.

அவர் மூட்டை மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சாவியை மடியில் முடிந்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"யாரும்மா நிறுத்துனது?"

கேட்டுவிட்டு, குழியைப் பார்த்தபடி அவரே சொன்னார்.

"நாலு வருஷம் முன்னாடி ஒரு தம்பி இப்படித்தான் கம்ப்யூட்டர் மாட்ட வந்துச்சு. மதிவாணன்னு பேரு. குழில எறங்கி என்னமோ ஒயர் மாட்டிக்கிட்டு இருந்துச்சு. மொதலாளி அங்கேருந்து அமுக்கிட்டாரு."

வெற்றிசெல்வன் நடுவில் புகுந்து, அது பைக் விபத்து என்றார். பக்கிரி தலையைக் குனிந்துகொண்டார். கண்ணாத்தாள் குரலை உயர்த்தவில்லை.

"எந்தப் பைக்கு? நாந்தான அதைத் தூக்குனேன். தலையைப் புடிச்சது நானு. ஊரெல்லாம் பைக்குன்னு சொல்லச் சொன்னீங்க. சொன்னேன். இனிமே சொல்ல மாட்டேன்."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலத் தோன்றியது. அந்தக் குழியில் செத்துப்போனவர். இன்னொரு உயிர் அங்கே போகக் கூடாது என்று நினைத்த ஆவி. நிறுத்துங்க என்று அவர் கெஞ்சியது இந்த மெஷினைத்தான். நான்தான் அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தப் பார்த்தேன். செத்தவருக்கு ஒரு சூடம் கொளுத்த வேண்டும் என்று சொன்னேன்.

கண்ணாத்தாள் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"யாரும்மா செத்தா? அந்தத் தம்பி சாகல. சீர்காழில அவங்க வீட்டுல கெடக்குது."

பத்து நாள் கழித்து சீர்காழிக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஓட்டு வீடு. மதிவாணனின் மனைவி வானதி கதவைத் திறந்தார். தையல் மெஷின் வைத்துக் குடும்பத்தை ஓட்டுகிறவர். நான் யார், எந்த மில்லிலிருந்து வருகிறேன் என்றதும் கதவைச் சாத்தப் போனார். கண்ணாத்தாள் சொன்னதைச் சொன்னேன். கதவு நின்றது.

உள்ளே கட்டிலில் அவர் படுத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். கண் திறந்திருந்தது. எதையும் பார்க்கவில்லை. மூக்கில் குழாய். நான்கு வருடமாக ஒரு விரல்கூட அசைந்ததில்லை, மூளை வேலை செய்யவில்லை, இனி எதுவும் நடக்காது என்று டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று வானதி சொன்னார். பைக் விபத்து என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டதையும் சொன்னார்.

அதன்பிறகு நடந்தது பலருக்குத் தெரியும். வானதி வழக்குப் போட்டார். கண்ணாத்தாள் சாட்சி சொன்னார். நானும் சொன்னேன். முதலாளியின் ஆட்கள் தஞ்சாவூருக்கு வந்து, என் தொழில் கெட்டுப்போகும் என்றார்கள். கெட்டால் கெடட்டும் என்றேன். வழக்கு இன்னும் நடக்கிறது. எலிவேட்டர் இப்போதும் கையால்தான் ஓடுகிறது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனுவில் சேர்க்க வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். சேர்த்தால் கேஸே சிரிப்பாகிவிடும் என்றார். கோர்ட்டில் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

அன்று சீர்காழியில் நான் கிளம்பும்போது வானதி என்னை நிறுத்தினார். மில்லில் அது நடந்தது எந்தக் கிழமை என்று கேட்டார். வியாழக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம் என்றேன். அவர் முகம் மாறியது.

அந்த வியாழக்கிழமை காலைதான் கணவருக்கு நகம் வெட்டி, கைகளை வெந்நீரில் துடைத்திருக்கிறார். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து பார்த்தபோது அவருடைய சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்திருக்கிறது. மூச்சு இரைத்திருக்கிறது, நெடுந்தூரம் ஓடி வந்தவரைப் போல. பயந்துபோய்க் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். பத்து விரலும் நெருப்பாய்க் கொதித்ததாம். பத்து நகத்துக்குள்ளும் ஏதோ அடைத்திருந்ததாம்.

"நானே கிண்டி எடுத்தேங்க. யார்கிட்டயும் காட்டல. யார் நம்புவா?"

அலமாரியிலிருந்து ஒரு சின்னக் குங்குமச் சிமிழை எடுத்து என் உள்ளங்கையில் கவிழ்த்தார்.

உமி. அவித்த நெல்லின் உமி. ஒரு சிட்டிகை.

பத்து நாள் ஆகியிருந்தது.

அது இன்னும் ஈரமாக இருந்தது.

சுட்டது.